டியூசனா, போனா, அக்காவா, அம்மாவா? எழுத்துக் கூட்டும் பிள்ளையை யாரிடம் விடுவது

“டீச்சர், இவன் வாசிக்கிறான். ஆனா ஒரு வரி முடியிறதுக்குள்ள எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போயிருதுங்க. கிளாஸ் போடவா, இல்ல போன்ல ஏதாச்சும் பாக்க வைக்கவா?”

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா பஸ்ஸுக்குக் காத்து நின்றபடி கேட்டது இது. மகன் தரம் 4. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். வீட்டில் அப்பாயியும், தரம் 9 படிக்கும் அக்காவும் இருக்கிறார்கள். இதே கேள்வியை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறேன். பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள் நான். நடுவில் இரண்டு வருடம் மாலை வகுப்பும் நடத்தினேன். ஆகவே டியூசனைப் பற்றி நான் சொல்லப்போவது எதிர்க்கடைக்காரியின் பொறாமை இல்லை.

## அதற்கு முன், உங்கள் பிள்ளை எந்தப் பிள்ளை?

“வாசிக்க வராது” என்ற ஒரே பேச்சில் மூன்று விதமான பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு தரம் கீழே உள்ள தமிழ்ப் பாடப்புத்தகத்தை எடுங்கள். பிள்ளை மனப்பாடம் செய்யாத ஒரு பந்தி, ஐம்பது சொல் அளவில். வாய்விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, திருத்தாமல், பிழைக்கு ஒரு விரல் மடக்கிக்கொண்டு கேளுங்கள்.

ஐந்து விரலுக்கு மேல் மடங்கினால் அந்தப் பந்தி பிள்ளைக்குப் பாரம். எந்த எழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். 247 எழுத்தும் தெரியாமல் இருக்காது. பெரும்பாலும் கொம்பு, கால் சேருமிடத்தில்தான் விழும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். ‘கெ’ என்று தொடங்கிவிட்டு, காலைக் கண்டதும் பிள்ளை திகைத்து நிற்கும். ர–ற, ல–ள–ழ மயக்கம் இன்னொரு பக்கம். இந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அந்தப் பத்துப் பதினைந்து எழுத்துத்தான். வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இரண்டு மூன்று பிழைதான், ஆனால் ப…ள்…ளி என்று ஒவ்வொன்றாகக் கூட்டி ஊர்கிறது என்றால், இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காகத்தான். மூன்றாவது பிள்ளை மடமடவென்று வாசிக்கும், கதை என்ன என்று கேட்டால் முழிக்கும். அதற்கு வாசிப்பைவிடப் பேச்சு வேண்டும். அது தனிக் கதை.

புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகும் பிள்ளையென்றால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள்.

## எதை வைத்து நிறுப்பது

புதிதாகப் பேர் பதிந்த பெண்பிள்ளை மலையில் ஒவ்வொரு கொழுந்தையும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாள். இரண்டு இலை, ஒரு மொட்டு. இது சரியா, இது முத்தலா? பக்கத்து நிரையில் நிற்கும் பழைய கை ஊர்க்கதை பேசிக்கொண்டே கூடையை நிரப்பும். அவளுடைய விரலுக்கே தெரியும். மனசு கதைக்கு மிச்சம். வாசிப்பும் இப்படித்தான். எழுத்தைக் கூட்டுவதிலேயே மனசு முழுக்கச் செலவாகிவிட்டால், வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்திருக்கும். எழுத்து தானாக வந்து விழத் தொடங்கினால்தான் பொருளுக்கு இடம் கிடைக்கும்.

விரலுக்குப் பழக்கம் எப்படி வருகிறதோ அப்படித்தான் நாக்குக்கும். 1979இல் ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், தட்டுத் தடுமாறும் பிள்ளைகளை ஒரே சிறு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். அந்தப் பந்தியில் வேகம் வந்தது பெரிய விஷயமில்லை. அடுத்த புதுப் பந்தியை முதல் தடவை வாசிக்கும்போதே முன்னைவிட வேகமாக வாசித்தார்கள் என்பதுதான் விஷயம். ஆகவே நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

வாரத்தில் எத்தனை நிமிடம் பிள்ளையின் சொந்த வாய் அசைகிறது? பிழை விழுந்த அந்த நேரத்திலேயே அதைப் பிடிக்கும் காது இருக்கிறதா? ஒரே பந்தி மறுபடியும் வருகிறதா? மழையும் கொழுந்துக் காலமும் கோவில் திருவிழாவும் வந்தாலும் நிற்காமல் நடக்குமா? கடைசியாக, பணம். கையில் கொடுக்கிற பணமும், தெரியாமல் போகிற பணமும்.

“நிமிடத்துக்கு இத்தனை சொல்” என்று இணையத்தில் கிடக்கும் ஆங்கிலக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று சொல் வேண்டும். உங்கள் பிள்ளையைப் போன மாதத்து உங்கள் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

| வழி | வாரத்தில் வாய் அசையும் நேரம் (என் மதிப்பு) | பிழை பிடிக்கும் காது | தெரியாமல் போகும் செலவு |
|---|---|---|---|
| மாலை டியூசன், வாரம் 2 நாள் | 4 நிமிடம் | சில வேளை | ஆட்டோ, இருட்டு, களைப்பு |
| அம்மா அல்லது அப்பா, வாரம் 5 நாள் | 50 நிமிடம் | உண்டு | பெரியவரின் ஓய்வு, பொறுமை |
| அக்கா, அண்ணா | 40 நிமிடம் | உண்டு, கொஞ்சம் கூர்மையாக | அவர்களுடைய படிப்பு, சண்டை |
| போனில் கதை பார்ப்பது | 0 | இல்லை | டேட்டா, தூக்கம் |
| போனில் வாசித்து அனுப்புவது | 30–40 நிமிடம் | தாமதமாக | சிக்னல் |
| புத்தகம் கொடுத்துத் தானாக வாசிக்க விடுவது | பிள்ளையைப் பொறுத்தது | இல்லை | பஸ் காசு |

## மாலை டியூசன்

நான் வகுப்பு நடத்திய காலத்தில் ஒரு மணித்தியாலம், 28 பிள்ளைகள். பாடமே நடத்தாமல் முழு நேரமும் ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்க விட்டிருந்தாலும் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான் வந்திருக்கும். அதையும் நான் செய்யவில்லை. மாதிரி வினாத்தாள் செய்தோம், பதில் திருத்தினோம். பெற்றோர் பணம் கட்டியது அதற்குத்தான். கொப்பியில் சிவப்புச் சரி விழாவிட்டால் “கிளாஸ்ல ஒண்ணும் நடக்கலை” என்பார்கள். மெதுவாக வாசித்த பிள்ளைகள் கேள்வியை முடிக்குமுன் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்துக்கொண்டன. இரண்டாம் வருடம்தான் எனக்கு அது உறைத்தது.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். அதைவிடப் பெரியது சுற்றுச் செலவு. டவுனில் வகுப்பென்றால் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைக்குப் பஸ், பஸ் தவறினால் ஆட்டோ, இருட்டினால் கூட்டிவர ஒரு ஆள். மழைக் காலத்தில் ஈரக் காலோடு அட்டையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளை, அதற்குப் பிறகு புத்தகம் தொடாது.

டியூசன் சரியாக வரும் வீடும் உண்டு. பிள்ளை ஓரளவு சரளமாக வாசிக்கிறது, வினாத்தாள் பழக்கம்தான் வேண்டும் என்றால் அனுப்புங்கள். அடுத்த லயத்து வீட்டு வரிசையில் ஏ/எல் பரீட்சை முடித்த ஒரு அக்கா நாலைந்து பிள்ளைகளை மட்டும் வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள் என்றால் கட்டாயம் அனுப்புங்கள். அங்கே கணக்கே வேறு. சேர்க்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இவன் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் சத்தமாக வாசிப்பான்?”

## அம்மாவோ அப்பாவோ கூட உட்காருவது

பணம் போகாத வழி என்று இதைச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் மலையில் நின்றதில்லை. கடைசி நிறுவை முடிந்து, கொழுந்தைப் போட்டு, ஏறி வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் அம்மாவின் பதினைந்து நிமிடம் இலவசம் இல்லை. அதனால் நேரத்தைச் சின்னதாகவே வையுங்கள். அடுப்படியில் பலகையைப் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தாலே போதும்.

முறை இது. எட்டுப் பத்து வரிப் பந்தி ஒன்று. முதலில் பெரியவர் விரல் வைத்து வாசிக்க, பிள்ளை பார்த்துக்கொண்டே கேட்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பிள்ளை தனியாக, இரண்டு தடவை. ஒரு சொல்லில் நின்றால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போகட்டும். “எழுத்துக் கூட்டிப் பாரு” என்று அங்கே நிறுத்தாதீர்கள். எதிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவரப் பார்க்கிறோமோ அதற்குள்ளேயே திரும்பத் தள்ளுகிற வேலை அது. அடுத்த நாளும் அதே பந்தி. மூன்றாம் நாளும்.

நீண்ட சொல்லை மூட்டில் பிரித்துக் காட்டுங்கள்: போய்க் – கொண்டு – இருந்தாள். வாக்கியத்தையும் மூச்சுக்கு மூச்சு மெல்லிய பென்சிலால் பிரிக்கலாம்: “மாரி / சந்தைக்குப் போய் / மரக்கறி வாங்கி வந்தான்.” சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கிற பிள்ளைக்கு இந்தக் கோடு செய்கிற வேலையை வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

பெரியவர் முதலில் வாசிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வீட்டில் பிள்ளை கேட்பது “வர்றாங்க”. புத்தகத்தில் இருப்பது “வருகிறார்கள்”. காதில் ஒரு தடவைகூட விழாத சொல்லைக் கண் எப்படி ஒரே பார்வையில் பிடிக்கும்? ‘க’ ஒன்றுதான், ஆனால் கல்லில் ஒரு சத்தம், அகத்தில் ஒரு சத்தம், தங்கத்தில் ஒரு சத்தம். நாம் யோசித்ததே இல்லை. காதால் பழகினோம்.

“எனக்கே வாசிக்கத் தெரியாதுங்களே டீச்சர்” என்பவர்களுக்கு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் ஒரே கூரை, ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு சரி. அப்பாயிக்கு எழுத்துத் தெரியாதது அப்பாயியின் குற்றமில்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் காது இருக்கிறது. பிள்ளை வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்து, “எனக்கு வெளங்கலை, திரும்பச் சொல்லு” என்று மட்டும் சொன்னால் போதும். விளங்கும்படி வாசிக்க வேண்டுமென்றால் பிள்ளை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். இதில் ஓட்டை ஒன்று உண்டு. “அப்பா சென்றார்” என்று இருப்பதை “அப்பா வந்தார்” என்று பிள்ளை ஊகித்து அடித்துவிட்டால் அப்பாயிக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாளாவது எழுத்துத் தெரிந்த ஒருவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய செலவு கோபம். ஊர்ப் பிள்ளைகளிடம் இருக்கும் பொறுமை சொந்த மகளிடம் எனக்கு இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் புத்தகத்தை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். நீங்களும் அப்படியென்றால் அடுத்த வழிக்குப் போங்கள். தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைக்கும், வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## அக்கா, அண்ணா

நாலைந்து வயது மூத்த பிள்ளை இருக்கும் வீட்டில் பலர் யோசிக்காமலே விடுகிற வழி. சேர்ந்து வாசிக்கும் முறையைப் பிரித்தானியாவில் கீத் டொப்பிங் போன்றவர்கள் பெற்றோருக்கு மட்டுமில்லாமல், மூத்த மாணவர்களுக்கும் பழக்கிப் பரப்பினார்கள். இருவரும் ஒன்றாகக் குரல் சேர்த்து வாசிப்பது. தனியாகப் போகலாம் என்று தோன்றும் இடத்தில் தம்பி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவான், அக்கா நிறுத்திக்கொள்வாள். தடுமாறினால் மறுபடி சேர்ந்துகொள்வாள். தட்டுகிற அதிகாரம் தம்பியிடம் இருப்பதால் அவனுக்கு இது விளையாட்டு.

“மக்கு” என்ற சொல் ஒரு தரம் வந்தாலும் அன்றைக்கு வகுப்பு முடிந்தது என்று முதல் நாளே சட்டம் போடுங்கள். அக்கா ஓ/எல் பரீட்சை வருடத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். மற்ற வருடங்களில் அவளுடைய வாசிப்பும் சேர்ந்து முன்னேறும். அதற்காக அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடாதீர்கள். பாத்திரம் கழுவுவதில் ஒரு நாள் விடுதலை கொடுத்தாலே போதும்.

## போன்

போன் என்பது இரண்டு வழி. ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

கதை வீடியோ பார்ப்பதில் காதுக்குப் புத்தகத் தமிழ் கிடைக்கும், மறுக்கவில்லை. வர்றாங்க–வருகிறார்கள் இடைவெளிக்கு அது கொஞ்சம் உதவும். ஆனால் வாய் அசையாது, கண் எழுத்தில் இல்லை, படத்தில். இருபது நிமிடம் என்று தொடங்கி ரீலோட் போட்ட காசு தீரும்வரை போகும். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சிக்னலுக்காக மேடேறி நின்ற பிள்ளைகளை நாம் பார்த்தோம். இன்றைக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கோபுரம் இருந்தால் இந்தப் பக்கம் ஒற்றைக் கோடுதான். பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம். கீழ்த் தரப் புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கு அது உதவும்.

இரண்டாவது வழி, போனைக் காதாக்குவது. அம்மா குவைத்திலோ சவூதியிலோ, அப்பா கொழும்பிலோ இருக்கும் வீடுகள் இங்கே எத்தனை! பிள்ளை ஒரு பந்தியை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பட்டும். அனுப்புமுன் தானே கேட்டுப் பார்க்கும். பிடிக்காமல் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கும். சாமுவேல்ஸ் சொன்ன திரும்ப வாசிப்பை யாரும் சொல்லாமலே மூன்று நாலு தடவை செய்து முடித்திருக்கும். வீடியோவுக்குப் போகிற டேட்டாவில் சொற்பம்தான் இதற்குப் போகும். சிக்னல் இல்லாத நேரம் பதிந்து வைத்தால் மேட்டுப் பக்கம் போகும்போது போய்விடும். குறை என்னவென்றால் பிழை அப்போதே பிடிபடாது. எழுத்து மயக்கம் உள்ள பிள்ளைக்கு இது மட்டும் போதாது.

## புத்தகத்தைக் கொடுத்துத் தானாக வாசிக்க விடுவது

எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் படம் பார்க்கும். அமெரிக்காவில் 2000இல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஒருவர் வழிகாட்ட வாய்விட்டு வாசிப்பதற்கு நல்ல பலன் உண்டு என்றது. மௌனமாகத் தனியே வாசிக்க விடுவது மட்டும் சரளத்தைத் தருமா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. பழக்கம் வந்த பிறகு இதுதான் ராஜபாட்டை. அதற்கு முன் இல்லை.

நூலகம் டவுனில்தான். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, நூலகம் நடத்துகிற பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யவே சட்டம் இடையூறாக இருந்தது. அதன் வடு இன்னும் தெரிகிறது. அங்கத்துவப் படிவத்தில் யாருடைய கையொப்பம் வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டு போனால் ஒரு பஸ் காசு மிச்சம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், பாடசாலை நூலக அலுமாரி திறந்திருக்கும். அப்போது கேட்பது சுலபம். அதுவும் இல்லையென்றால் கோவில் திருவிழா நோட்டிசும் வடை சுற்றி வந்த பேப்பரும் இருக்கின்றன. வடை பேப்பரில் பாதிச் செய்தி கிழிந்திருக்கும். மீதியைப் பிள்ளையே கற்பனை செய்யட்டும்.

## பஸ்ஸுக்கு நின்ற அம்மாவுக்கு

அவருடைய மகனுக்கு நான் சொன்னது இது. வகுப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை அக்காவோடு பதினைந்து நிமிடம், தரம் 3 புத்தகம், வாரத்துக்கு இரண்டே பந்தி. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். வெள்ளி இரவு அந்த வாரப் பந்தியை அப்பாவுக்குக் குரல் செய்தியாக அனுப்புவது. முதல் வாரச் செய்தியை அழிக்க வேண்டாம்; ஆறு வாரம் கழித்து அதே பந்தியை மறுபடி பதிந்து இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் போவோம், நானும் வருகிறேன் என்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைச் சந்தையில் கண்டேன். “டீச்சர், அவரு கடை சாத்தின பொறகு கேக்கிறாரு. கேட்டுட்டுச் சும்மா இருக்கிறதில்ல. ‘அந்தக் கெழவன் எத்தனை ஆடு வச்சிருந்தான், நீ சொல்லவே இல்லையே’ன்னு திருப்பி அனுப்பறாரு. இவன் மறுபடி புத்தகத்தை எடுத்து வச்சிக்கிட்டு ஒக்காந்திர்றான்.”

அக்காவைப் பற்றிக் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பாத்திரம் கழுவுவது இப்போது தம்பியாம்.